கோடியக்கரைக் காட்டில் மரம் பார்ப்பது எப்படி

கோடியக்கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிமானையும் பூநாரையையும் தேடித்தான் வருகிறார்கள். வேதாரண்யத்திலிருந்து தெற்கே வண்டியைத் திருப்பி, கோடியக்காடு தாண்டி, இரண்டு பக்கமும் அடர்ந்து நிற்கிற பச்சையை ஜன்னல் வழியாகக் கடந்து, வெட்டவெளி வந்த பிறகுதான் கேமராவை எடுப்பார்கள். நடுவில் கடந்து வந்தது என்ன என்று கேட்டால் "முள்ளுப் புதர்" என்று பதில் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் இந்தக் காட்டுக்குள் அழைத்துப் போகிறவள் நான். அந்தப் பதிலை ஒவ்வொரு பருவமும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மறுக்கிறேன். அது புதர் இல்லை, முழுமையான காடு. நம் கடற்கரை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு மிச்சமிருக்கிற சில இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த வகைக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரை சோழமண்டலக் கரையை ஒட்டி இருந்த காடு இது. இப்போது கோயில் காடுகளாகவும் ஒன்றிரண்டு காப்புக் காடுகளாகவும் துண்டு துண்டாக நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரங்கள் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்பதில் ஆச்சரியம் இல்லை, அங்கே மழை அப்படி. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதோடு சரி. தை பிறந்தால் அடுத்த புரட்டாசி வரைக்கும் வெயிலும் கடற்காற்றும்தான். அப்படியும் இந்த மரங்கள் இலையைக் கொட்டுவதில்லை. இலையைத் தடிப்பாக்கிக்கொண்டு, உயரத்தைக் குறைத்துக்கொண்டு, கிளையோடு கிளை நெருங்கி நின்று தாக்குப்பிடிக்கின்றன. பெரும்பாலான மரங்கள் முப்பது நாற்பது அடிக்கு மேல் போகாது. குள்ளமாக இருப்பதால் புதர் என்று நினைத்துவிடுகிறோம். அடிமரத்தின் பருமனைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? தாவரவியல் படித்திருக்க வேண்டாம். இலையைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒரே நாளில் எல்லா மரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏழெட்டு மரங்களை உறுதியாகப் பழகிவிட்டால், காட்டில் உங்களைச் சுற்றி நிற்பதில் பெரும்பகுதி தெரிந்த முகமாகிவிடும்.

எப்போது, எப்படி

பறவைக்கு ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம் என்பார்கள், அது சரிதான். மரத்துக்கு நான் இரண்டு காலம் சொல்வேன். ஒன்று சித்திரை, வைகாசி. வெயில் கடுமைதான், ஆனால் காடு தன் குணத்தைக் காட்டுகிற நேரம் அது. வெட்பாலை போன்ற மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்விடும் காலத்தில் பாலையும் வீரையும் காயாவும் கொஞ்சமும் மாறாமல் பச்சையாக நிற்கும். எது உண்மையில் பசுமைமாறா மரம், எது இடையில் உதிர்க்கிற மரம் என்று யாரும் சொல்லாமலே பிரித்துப் பார்த்துவிடலாம். இன்னொன்று கார்த்திகை, மார்கழி. மழை ஓய்ந்து கொடிகளும் கிழங்குச் செடிகளும் மேலே வந்திருக்கும். ஒரு முறைதான் வர முடியும் என்றால் மார்கழிக் கடைசியில் வாருங்கள்.

விடிந்ததும் நுழைந்து பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. சாய்ந்த வெயிலில் இலையின் நரம்பு தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லா இலையும் ஒரே பளபளப்பு. முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, தண்ணீர், ஒரு நோட்டு, பென்சில். கைக்கு அடக்கமான பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. தின்பண்டத்தைப் பையின் அடியில் போட்டு மூடிவிடுங்கள். இங்கே குரங்குகள் பையைப் பார்த்தே கிட்ட வரும். அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

கோடியக்கரை 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் இந்தப் பகுதியின் ஈரநிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயம் என்பதால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தும். வனத்துறைச் சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்கள் சொல்கிற பாதையில்தான் போக வேண்டும். இலை, விதை, பூ, காய், வேர் எதையும் பறிக்கக் கூடாது, எடுத்துப் போகவும் கூடாது. "ஒரே ஒரு விதை, வீட்டில் போட" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். விழுந்து கிடக்கிற இலையை எடுத்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும். நான் சொல்லப் போகும் முறை முழுவதும் பறிக்காமல் பார்க்கிற முறை.

முடிந்தால் உள்ளூர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டால் பேரோடு சேர்த்து அது எப்போது பழுக்கும், எந்தப் பறவை தின்னும், எந்தப் பக்கம் நிறைய இருக்கிறது என்று வந்துகொண்டே இருக்கும். புத்தகத்தில் கிடைக்காத படிப்பு அது.

முதலில் தரை

மரத்தைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த ஊரில் சில அடி ஏற்ற இறக்கமே எல்லாவற்றையும் மாற்றிவிடும். காட்டுக்குள் மேடான இடம் என்று சொன்னால் இராமர் பாதம்தான், அதுவே ஒரு மணல் மேடு. மேட்டில் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி நன்னீராகத் தங்கும், வேருக்கு உப்புத் தொல்லை இல்லை. அதனால் அடர்ந்த மரக்காடு மணல் மேட்டில்தான் இருக்கும். பள்ளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் உப்புப் பூக்கும். அங்கே மரம் நிற்காது, புல்வெளிதான். வெளிமான் அதனால்தான் அங்கே மேய்கிறது. இன்னும் கீழே சேற்றுப் பரப்புக்குப் போனால் உமரி தவிர வேறு செடி அதிகம் பார்க்க முடியாது.

சேறு, புல், புதர், மரக்காடு என்று இந்த நான்கும் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று நடந்தபடியே கவனியுங்கள். எல்லையில் நின்று பார்க்கிறபோதுதான் ஒரு மரம் ஏன் அங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

அந்த எல்லையில் நீங்கள் முதலில் சந்திக்கப் போவது அநேகமாக உகா மரம். உகாய் என்றும் சொல்வோம், தாவரப் பெயர் சால்வடோரா பெர்சிகா. மிஸ்வாக் என்று கடைகளில் விற்கிற பல் குச்சி இதன் குச்சிதான். இலை சதைப்பற்றாக, வெளிர் பச்சையாக, இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். கிளைகள் தாழ்ந்து தரையைத் தொடும். உப்புக் காற்றுக்கும் உப்பு மண்ணுக்கும் அசராத மரம். கடலுக்கும் உள்காட்டுக்கும் நடுவே இது நிற்பதால்தான் பின்னால் இருக்கிற மரங்களுக்குக் காற்றின் வேகம் குறைகிறது.

இலை எப்படி உட்கார்ந்திருக்கிறது

இனி முக்கியமான பகுதி. பூவை வைத்து மரம் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். பூ வருடத்தில் சில வாரம்தான். இலை எப்போதும் இருக்கிறது, அதுவும் இந்தக் காட்டில் நிச்சயம் இருக்கிறது. ஒரு கிளையைத் தொடாமல் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்து முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இலைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி மரம் கழிந்துவிடும்.

எதிரெதிரே இருப்பவை: காயா, நாவல், உகா, வெட்பாலை, களா, காரை. மாறி மாறி இருப்பவை: பாலை, வீரை, காட்டெலுமிச்சை. வேம்பும் கொன்றையும் கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்தது; அவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் காட்டின் தலைவர் பாலை. மணில்காரா ஹெக்சாண்ட்ரா. உலக்கைப்பாலை என்றும் அழைப்பார்கள். வெட்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் வேறு குடும்பம், ஆகையால் நோட்டில் எழுதும்போது முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். இதன் இலையை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. காம்புப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்றிருக்கும். நுனி கூராக முடியாது, நடுவில் நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு சின்ன வெட்டு. மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிறியிருக்கும். இலைகள் கிளை முழுக்கப் பரவாமல் நுனியில் கொத்தாகக் கூடி நிற்கும். கீழே நின்று பார்த்தால் ஒவ்வொரு கொத்துக்கும் நடுவே வானம் தெரியும். பட்டை கறுத்து, ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக இருக்கும். மான் கடித்த கிளையிலோ காற்றில் ஒடிந்த கிளையிலோ வெள்ளைப் பால் காய்ந்து ஒட்டியிருப்பதைக் காணலாம்.

கோடையில் சின்னச் சின்ன மஞ்சள் பழம் பழுக்கும். இனிப்பு, ஆனால் பாலும் சேர்ந்திருப்பதால் நாலு பழம் தின்றாலே உதடு ஒட்டிக்கொள்ளும். என் அப்பாயி பாலைப்பழம் தின்னக் கொடுத்தால் கூடவே உதட்டில் தடவ இரண்டு சொட்டு எண்ணெயும் கொடுப்பார். சப்போட்டாவும் இலுப்பையும் இதே குடும்பம்தான். நம் ஊரில் சப்போட்டா ஒட்டுக்கன்று போடுகிறபோது அடிக்கன்றாகப் பாலையையே பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் இந்த வேர் எந்த மண்ணையும் தாங்கும். வளர்ச்சி மட்டும் மிகவும் மெதுவு. கை இரண்டையும் சேர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு பாலை மரத்தைக் கண்டால், பல தலைமுறைகளுக்கு முன்னே முளைத்த ஒன்றின் முன் நிற்கிறீர்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

அடுத்து வீரை, டிரைபீட்டஸ் செபியாரியா. இதுவும் மாறி மாறி வரும் இலைதான், ஆனால் நுனியில் வெட்டு கிடையாது, பாலும் கிடையாது. இலை கொஞ்சம் உருண்டையாக, தடிப்பாக, நல்ல பளபளப்போடு இருக்கும். சில இலைகளின் ஓரத்தில் சிறு பற்கள் உண்டு. இலையில் சந்தேகம் வந்தால் அடிமரத்தைப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, நீளவாட்டில் பள்ளமும் மேடுமாக ஓடி, முறுக்கி, கோணலாக நிற்கும். இப்படி ஒரு அடிமரம் இந்தக் காட்டில் வேறு எதற்கும் இல்லை என்பது என் அனுபவம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சிவப்புப் பழம் பெண் மரத்தில் மட்டும்தான் வரும். ஆகவே ஒரு வீரையில் பழம் இருக்கிறது, பக்கத்து வீரையில் இல்லை என்றால் குழம்ப வேண்டாம்.

காயா எதிரிலைக் கூட்டத்தில் முதலில் பழக வேண்டிய மரம். காசா என்றும் சொல்வார்கள், மெமிசைலான் அம்பெல்லாட்டம். திருமாலின் நிறத்துக்குச் சொல்கிற காயாம்பூ இதுவேதான். பூக்கிற நாளில் வந்தீர்களென்றால் எந்த விளக்கமும் தேவைப்படாது. இலை உதிர்ந்த பழைய கணுக்களில்கூடக் கொத்துக் கொத்தாக ஊதா கலந்த நீலம், கிளையே தெரியாது. அந்த நீலத்தை நேரில் பார்த்த பிறகு பிள்ளைகள் அந்த மரத்தைத் தேடிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். பூ இல்லாத நாளில் நாவலோடு குழப்பம் வரும், இரண்டுக்கும் தடித்த எதிரிலை. அப்போது இலையை வெயிலுக்கு எதிரே பாருங்கள். நாவல் இலையில் நெருக்கமாக, மெல்லிய பக்க நரம்புகள் வரிசையாக ஓடி, ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு நரம்பில் போய்ச் சேரும். காயா இலையில் நடு நரம்பு மட்டும் தெரியும், பக்க நரம்பு கண்ணுக்கே படாது. காயா இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள். பாய்க்கோரைக்கும் துணிக்கும் அந்தச் சாயம் போட்ட காலம் ஒன்று இருந்தது.

வெட்பாலைக்கு எதிரிலையும் உண்டு, பாலும் உண்டு. காய் இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை: நீளமான இரண்டு காய்கள் ஜோடியாகத் தொங்கி, நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கோடையில் இது மொட்டையாக நின்றால் பட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அரப்புத் தூளுக்கு இலை கொடுக்கிற உசில் மரமும் இந்த வகைக் காடுகளில் அப்படித்தான்.

முள்ளுக்குப் பயப்பட வேண்டாம்

"முள்ளுப் புதர்" என்று சொன்னார்களே, அந்த முள்தான் உங்களுக்குக் கிடைக்கிற மிக நல்ல அடையாளம். முள் எங்கே இருக்கிறது, எத்தனை, நேரா வளைவா என்று பார்த்தாலே பெயர் வந்துவிடும்.

காட்டெலுமிச்சையில் தொடங்குங்கள், அடலான்சியா மோனோஃபில்லா. காட்டுநாரத்தை என்றும் சொல்வார்கள். இதன் இலை நுனியிலும் பாலை இலை போலவே ஒரு வெட்டு உண்டு. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் இரண்டையும் கலந்துவிடுவார்கள். பிரிப்பது சுலபம். பாலைக்கு முள் இல்லை. காட்டெலுமிச்சைக்கு இலைக் காம்பின் ஓரத்தில் கூரான முள் இருக்கும். அடியில் விழுந்து கிடக்கிற பச்சை மாறாத இலை ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால், இலை முழுக்க ஊசி முனை அளவில் ஒளி ஊடுருவுகிற புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் அழகு. விரலால் லேசாகக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும். காயும் எலுமிச்சையைச் சிறிதாக்கிய உருவம்தான். கருநீலமும் வெளிர்நீலமுமாகப் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்தக் காட்டு நிழலில் பறப்பதைக் கண்டால், அது முட்டையிட இந்த மரத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். எலுமிச்சைக் குடும்பத்து இலைகள்தான் அதன் புழுவுக்கு உணவு. இளந்தளிர்களில் கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள், புழுவே கண்ணில் படலாம்.

காரைக்கும் களாவுக்கும் எதிரெதிரே முள். இரண்டையும் பிரிப்பது பால். களாவில் ஒடிந்த இடத்தில் வெள்ளைப் பால் இருக்கும், காரையில் இருக்காது. களாவின் வெள்ளைப் பூவுக்கு மல்லிகையை நினைவூட்டும் மணம், பழம் முற்றினால் கறுத்துவிடும். காரைப் பழம் மஞ்சள். இரண்டையும் ஊரில் எல்லோரும் தின்று வளர்ந்தவர்கள்தான், ஆனால் சரணாலயத்துக்குள் அவை பறவைக்கும் நரிக்கும் உரியவை. விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ப் போடுவது அவைதாம்.

முள் வளைந்து கீழ்நோக்கி இருந்தால் அநேகமாக ஏறுகிற கொடி. ஆதொண்டைக்கு இலையடியில் இரண்டு வளைந்த முட்கள். பூ வெள்ளையாக மலர்ந்து பிறகு சிவப்பேறும். மிளகரணைக்கு ஒரு காம்பில் மூன்று இலை, தண்டு முழுக்கக் கொக்கி முள், இலையின் அடி நரம்பில்கூட முள் இருக்கும். அதுவும் எலுமிச்சைக் குடும்பம்தான் என்பதை வாசனை சொல்லிவிடும். சட்டையில் மாட்டிக்கொண்டால் முன்னால் இழுக்காதீர்கள், ஓர் அடி பின்னால் வாருங்கள், தானாக விடும்.

கொடிகளைச் சிலர் மரத்துக்குத் தொல்லை என்று நினைக்கிறார்கள். இந்தக் காட்டில் கொடிகள்தாம் மரங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை அடைத்து, உள்ளே ஈரத்தையும் நிழலையும் காப்பாற்றுகின்றன. பிரண்டை எல்லோருக்கும் தெரியும். குன்றிமணியும் தெரியும், சிவப்பும் கறுப்புமான அந்த விதை கொடிய நஞ்சு என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்குப் பிறகு வந்தால் செங்காந்தளைத் தேடுங்கள், நம் மாநில மலர். பூ இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு ஏறும். கிழங்கு முதல் விதை வரை எல்லாம் நஞ்சு. தொட்டால் கையைக் கழுவுங்கள் என்பதைவிட, தொடாதீர்கள் என்பதே என் அறிவுரை.

புயலும் வந்தேறியும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. இந்தக் காடு அதன் பாதையிலேயே இருந்தது. எத்தனையோ பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன, நின்றவை கிளை இழந்து நின்றன. அந்தக் காட்சியைப் பற்றி இன்னும் எனக்கு நிதானமாகப் பேச வராது. ஆனால் மரம் பார்க்க வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும், ஏனென்றால் இன்று நீங்கள் காண்கிற உருவங்களில் பல அந்தப் புயல் செதுக்கியவை. ஒரே அடியிலிருந்து நாலைந்து மெல்லிய தண்டுகள் கிளம்பியிருந்தால் அவை தனித்தனி மரங்கள் இல்லை. ஒடிந்த ஒரே மரம் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. குனிந்து அடிக்கட்டையைப் பாருங்கள், பழைய முறிவு தெரியும். சாய்ந்து கிடக்கிற தண்டிலிருந்து நேர்மேலே கிளை எழும்பியிருப்பதையும் காணலாம். இப்படித் துளிர்க்கிற வலு இந்தக் காட்டு மரங்களுக்கு நிறைய உண்டு.

புயல் திறந்துவிட்ட இடங்களில் மரக்கன்றுகளும் வருகின்றன, வேண்டாதவையும் வருகின்றன. சீமைக் கருவேலத்தைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை, இருந்தாலும் நம் நாட்டுக் கருவேலத்தோடு சேர்த்து அதையும் வெட்டலாம் அல்லது இரண்டையும் விடலாம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் விதைக்கு விதை இறுகிச் சுருங்கி இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர், காய் வைக்கோல் நிறத்தில் ஓரம் ஏறக்குறைய நேராக இருக்கும், உள்ளே இனிப்பு. அந்த இனிப்புக்காக மாடும் இங்கே திரிகிற மட்டக்குதிரையும் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளியில் போட்டுவிடும். முளைத்துப் பரவினால் புல் போகும், புல் போனால் வெளிமானுக்கு மேய்ச்சலும் ஓடித் தப்ப வெளியும் போகும். உண்ணிச்செடியும் இப்படித்தான், பூ அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துப் பகிர்கிறோம், அது தளத்தை மூடி நாட்டுக் கன்றுகளை எழவிடாமல் செய்கிறது. வந்தேறிச் செடிகளைக் கண்டால் நீங்களே பிடுங்க முனைய வேண்டாம். எந்த இடம் என்று குறித்துக் காவலரிடம் சொல்லுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு மரத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதியும், மேடா பள்ளமா, காடா ஓரமா என்ற இடக்குறிப்பும். நடுவில் ஓர் இலையைக் கண்ணால் பார்த்து வரையுங்கள். ஓவியம் நன்றாக வரவில்லை என்பது ஒரு பொருட்டே இல்லை. வரைய ஆரம்பித்தால்தான் நுனி எப்படி, ஓரம் எப்படி, நரம்பு எங்கே போகிறது என்று கண் கேட்கத் தொடங்கும். கீழே முள், பால், வாசனை, பட்டை. யார் என்ன பெயர் சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

போனில் படம் எடுக்கிறவர்கள் முழு மரத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டில் பார்த்தால் வெறும் பச்சை. இலை கிளையில் எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று, பட்டை ஒன்று, மரத்தடித் தரை ஒன்று என்று எடுங்கள். தரையில் கிடக்கிற காய்ந்த காயும் விதையும் பல நேரம் மேலே இருக்கிற இலையைவிடத் தெளிவாகப் பேசும். பெயர் சொல்கிற செயலிகளை நம்பி முடிவு எடுத்துவிடாதீர்கள். அவை தருகிற பெயரை ஒரு சந்தேகமாக மட்டும் வைத்துக்கொண்டு, இலை அமைப்பும் முள்ளும் பாலும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று நீங்களே பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதல் நாள் பாலை, வீரை, காயா, காட்டெலுமிச்சை நான்கையும் முடித்தாலே நிறைவு. நாலு மரமும் தெரிந்த பிறகு, அதே பாதையில் திரும்பி வரும்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டிக்கொண்டே வாருங்கள். பிள்ளைகளோடு போனால் அவர்களைச் சொல்லவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

கோடியக்கரை வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போகலாம். 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடும் இதே உலர் பசுமைமாறா வகைதான். புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காடு இருக்கிறது. கோயிலுக்கு வருகிற கூட்டத்தைத் தாண்டி மரங்களைப் பார்க்க, விசேஷம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ஈழத்தில் வன்னிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாலையும் வீரையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாலைப்பழம் தின்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கன்று வைக்க வேண்டும் என்று ஆசை வந்தால், நாட்டு மரக்கன்று வளர்க்கிற நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள். வனத்துறை நாற்றங்காலிலும் கேட்டுப் பார்க்கலாம். சின்ன இடம் என்றால் என் தேர்வு காட்டெலுமிச்சை, வண்ணத்துப்பூச்சி தேடி வரும். இடம் தாராளமாக இருந்தால் நாவலோடு ஒரு பாலையும் வையுங்கள். நாவல் சீக்கிரம் நிழல் கொடுத்துவிடும். பாலை முதல் சில வருடம் வளர்கிறதா என்றே தெரியாது. அந்தக் காலத்தில் ஆடு மாடு கடிக்காமல் வேலி போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி, களை எடுத்தால் போதும், உரம் எதுவும் தேவையில்லை.